பானை, நான், எல் போர்டு

ஆகஸ்ட் 3, ஞாயிறு. உறையூர்

செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. அதனால் என் முதல் தனிக் கச்சேரி வரும் செவ்வாய்க்கிழமை, லால்குடியில், ஒரு சலூனில்.

எழுதிவிட்டு அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடங்களுக்கும் மேலாகக் கடம் வாசிக்கிறேன். பெயரிலேயே கடம் இருக்கிறது: வேங்கடம். மேடையில் எனக்கென்று ஓர் இடமும் உண்டு. மிருதங்கத்துக்கும் பின்னால் தொங்கும் திரைக்கும் நடுவில். பத்திரிகையில் வரும் புகைப்படங்களில் என் முழங்கால் மட்டும் தெரியும். சொந்தக்காரர்கள் அந்த முழங்காலை அடையாளம் கண்டு வாழ்த்துவார்கள்.

மேடையின் நடுவில் இருந்தவன் சாரங்கபாணி. பாட்டுக்காரன். இசைக் கல்லூரியில் எனக்குப் பக்கத்து இடம், அப்போதிருந்தே சிநேகிதன். போன மாதம் அழைத்தான்.

"வேங்கடா, மேடை கொஞ்சம் நெரிசலா இருக்குடா. இனிமே வயலின், மிருதங்கம் போறும்னு பாக்கறேன். தப்பா எடுத்துக்காதே."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போனை வீசியெறிந்தது உண்மை. ஆனால் மெத்தை மேல்தான்.

மங்கை அக்கா அதைப் பார்த்துவிட்டாள். நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுடைய கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது, எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மிக்சி. அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். இந்த ஜில்லாவிலும் பக்கத்து ஜில்லாவிலும் ஒழுங்காகக் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்.

"தனியா வாசியேன்டா" என்றாள்.

"பானைய மட்டும் தனியா யாருக்கா கேப்பாங்க?"

"மைக் வெச்ச எடத்துல ஒன்ன ஒருத்தரும் கேக்கல. மைக் இல்லாத சின்ன எடமா பாத்துப் போவோம். கேக்காம எங்க போவாங்க?"

உடனே போனை எடுத்துப் பழைய மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். "நான்தான் மங்கை மேடம். கிளட்ச்சுல கால வெச்சுக்கிட்டே காவேரிப் பாலத்தத் தாண்டினியே, ஞாபகம் இருக்கா? இருக்குல்ல? ஒங்க கடையில என் தம்பி வாசிக்கணும்." யாரும் முடியாது என்று சொல்லவில்லை. பயம்தான் காரணம். இசை ஆர்வம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய். லால்குடி

ஸ்கூல் காரில்தான் போனோம். முன்னும் பின்னும் எல் போர்டு. பின் இருக்கையில் துண்டில் சுற்றிய பானை, சீட் பெல்ட்டோடு. பயிற்சிக் கார் என்பதால் இடது பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. வழக்கமாக அக்கா அங்கே உட்கார்ந்து மாணவர்களைக் காப்பாற்றுவாள். இன்று அவள் ஓட்ட, நான் அங்கே உட்கார்ந்தேன். லாரிகளைப் பார்த்ததும் கால் தானாகப் போய்விட்டது.

"அந்த பிரேக் எதுக்கு இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?" என்றாள் அக்கா.

"நிறுத்தறதுக்கு."

"ஓட்டுறவன் மேல நம்பிக்கை இல்லாதப்ப நான் அழுத்துறதுக்கு. என் காருல என் மேலயே அழுத்துறியா?"

சலூன்காரர் பெயர் பிச்சைமுத்து. தரையில் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது என்று என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். எதிரிலும் பின்னாலும் கண்ணாடி. எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணுக்கு எட்டியவரை வரிசையாக நான், என் மடியில் பானை. இத்தனை வருடம் முழங்கால் மட்டுமே தெரிந்தவனுக்கு இது கொஞ்சம் அதிகம்.

இன்னொரு சிக்கல், ஒவ்வொரு அடிக்கும் நாற்காலி கொஞ்சம் சுழன்றது. கண்ணாடியைப் பார்த்து ஆரம்பித்தேன். ஆதி தாளம் நாலு சுற்று முடிவதற்குள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க வந்தவர்கள் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து என் முகத்தைப் பின்தொடர்ந்தார்கள்.

பாதியில் ஒருவர் ஓடிவந்தார். "அண்ணே, சாயங்காலம் பொண்ணு பாக்கப் போறோம். தாடிய மட்டும் எடுத்து விடுங்க." விடுமுறை என்றாலும் பிச்சைமுத்துவுக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்து நுரை தடவினார். நான் நிறுத்தலாமா என்று பார்த்தேன். "நீங்க வாசிங்க சார், எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல" என்றது நுரை. வாசித்தேன். கத்தி கன்னத்தில் இழுபடும் சத்தம் கேட்டது. அது ஓர் இழுப்பு, நான் பானையில் ஒரு தாளச் சொல். அது நின்றால் நானும் நின்றேன். தாடையின் வளைவில் கத்தி மெதுவாக வரும்போது ஒருவரும் மூச்சுவிடவில்லை. கத்தியைத் துடைத்து வைத்ததும் நான் முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பாதிக் கைதட்டல் பிச்சைமுத்துவுக்கு.

சாரங்கனுக்குச் சொன்னால் சிரிப்பான் என்று தோன்றியது. சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சாரங்கன் அழைத்தான். எடுக்கவில்லை. கை ஈரமாக இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மறுபடி அழைத்தான். கை ஈரமாக இல்லை. ஆனால் அவனுக்கு அது தெரியாது அல்லவா.

ஆகஸ்ட் 9, சனி. துறையூர்

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் சும்மா கிடக்கின்றன. மண்டப மேலாளர் அக்காவிடம் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்வதற்குள் மூன்று தூண்களை இடித்தவராம். கூடத்தில் வாசிக்கச் சொன்னார். கை தட்டிப் பார்த்தேன். காலிக் கூடத்தில் சத்தம் அனாதையாக அலைந்தது. அப்படியே நடந்து சமையற்கட்டுக்குள் போனேன். அங்கே அண்டாக்கள், குண்டான்கள், சோறு வடிக்கும் பெரிய பாத்திரங்கள் எல்லாம் காலியாக வரிசையில் இருந்தன. என் பானையை எடுத்து வயிற்றருகில் ஓர் அடி கொடுத்தேன். மூலையிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு பதில் வந்தது.

"யாரு?" என்றேன்.

"யாரும் இல்லைங்க" என்றார் சமையல் மாஸ்டர் கிருபாகரன். கையில் டீ கிளாஸ். "அண்டா."

இன்னோர் அடி. "ம்ம்ம்." சாம்பார் அண்டா. சுருதியில் மிகச் சரியாக இருந்தது. மேளகர்த்தா என்றால் என்னவென்று தெரியாத அண்டா.

அப்புறம் கச்சேரியாவது ஒன்றாவது. மாஸ்டரும் அவர் ஆட்களும் பாத்திரங்களை இழுத்துப்போட ஆரம்பித்தார்கள். எது பதில் சொல்கிறது, எது ஊமை என்று ஒரே சோதனை. பாயசப் பாத்திரம் ஊமை. ரசக் குண்டானுக்கு மெல்லிய குரல். பதில் சொன்னவற்றை என்னைச் சுற்றி வட்டமாக வைத்துவிட்டு அவர்களும் நடுவில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் வாசிக்க வாசிக்கச் சுற்றிலும் செம்பும் பித்தளையும் முனகின.

ஆவணியில் தேதி கேட்க வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று கேட்டது. கல்யாணப் பெண், "ரிசப்ஷனுக்கு இத வெச்சுக்கலாமாப்பா?" என்றாள். அப்பா, "பாத்திரம் தேய்க்கிற சத்தம்லாம் ரிசப்ஷனுக்கு எதுக்கும்மா?" என்றார். மாஸ்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கல்யாணத்தில் அவர் இலைக்கு இரண்டாவது தடவை சாம்பார் வருமா என்பது சந்தேகம்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெள்ளை ஜிப்பாவுக்கு நீலம் போட்டேன். கொஞ்சம் கை தவறிவிட்டது. இனிமேல் அது வெள்ளை ஜிப்பா இல்லை. அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "கண்டக்டர், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு டிக்கெட்" என்றாள்.

ஆகஸ்ட் 14, வியாழன். பெரம்பலூர்

பல் ஆஸ்பத்திரி. டாக்டர் எஸ்தர் நளினா அக்காவிடம் ஓட்டக் கற்றவர். "உள்ள டிரில் சத்தம் கேட்டே பாதிப் பேர் ஓடிடுறாங்க. வெளிய நீங்க வாசிச்சா அது கேக்காது" என்றார். இத்தனை வருடச் சாதகம் கடைசியில் ஒரு டிரில்லை மறைக்க. பரவாயில்லை, எதையோ மறைப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

காத்திருக்கும் அறையில் வீங்கிய கன்னங்களோடு ஆறேழு பேர். இவ்வளவு அமைதியான சபையை நான் கண்டதில்லை. வாயைத் திறந்தால் வலிக்கும். ஒரு பெரியவர், தன் பெயரைக் கூப்பிட்டதும், "இந்தச் சுத்து முடியட்டும்மா" என்று நர்சிடம் கை காட்டிவிட்டார். அடுத்த சுற்றுக்கும் அதையே சொன்னார். ரசனையா, பல் பிடுங்கப் பயமா என்று எனக்கு விளங்கவில்லை.

அவரே பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க சாரங்கபாணி கச்சேரியில ஓரமா இருப்பீங்கள்ல? முழங்கால பாத்ததும் நெனச்சேன். போன வாரம் தஞ்சாவூர்ல கேட்டேன் சார். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. ஸ்வரம் பாடிட்டு வந்தாரு, பாட்டு ஆரம்பிக்கிற எடத்துக்கு வரல. மிருதங்கம் ஒரு பக்கம், இவரு ஒரு பக்கம். ஒரு நிமிஷம் அப்படியே முழிச்சாரு."

"மைக் கோளாறா இருக்கும்" என்றேன். வேகமாகச் சொன்னேன். கேட்காத கேள்விக்கும் சேர்த்து, "அந்த ஊர்ல எப்பவுமே மைக் அப்படித்தான்" என்றேன்.

மைக் கோளாறு இல்லை. இரண்டு மூன்று வருடமாகவே சாரங்கனுக்கு நீளமான தாளக் கணக்கு வரும்போது அரை இடம் நழுவும். நான் ஒரு சொல்லைச் சற்று இழுத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொள்வதுபோலப் பிடித்துக்கொள்வேன். அவன் உள்ளே வந்துவிடுவான். யாருக்கும் தெரியாது. வெகு சுத்தமான வேலை.

தஞ்சாவூரில் கதவைப் பிடிக்க ஆள் இல்லை. எனக்கு இதில் சந்தோஷம்தான் என்று எழுத நினைத்தேன். பேனா போகவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஸ்கூலில் அக்கா கொடியேற்றினாள். மிட்டாய் கொடுத்தாள். பிறகு எல்லோருக்கும் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் தேர்வு வைத்தாள். சுதந்திரம் பத்து நிமிடம் நீடித்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நான் குளித்துவிட்டு வரும்போது அக்கா என் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, ஏணியில எறங்கணும். வேட்டியப் பாத்துக்கோங்க" என்று சிரித்தாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள்.

"யாருக்கா?"

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்."

ஆர்.டி.ஓ. ஆபீஸ் என் போனுக்கு எதற்கு அழைக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி. கே.கே. நகர்

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

புதிதாகக் கட்டிய அடுக்குமாடி. இன்னும் யாரும் குடிவரவில்லை. தரைக்கடியில் தீயணைப்புத் தண்ணீருக்காக ஒரு பெரிய தொட்டி. அடுத்த வாரம் அதில் தண்ணீர் விட்டுவிடுவார்கள். கட்டிய பொறியாளர் இன்பவல்லி, அக்காவின் மாணவி. "இந்த ஒரு வாரம்தான் சார் அது காலியா இருக்கும். பின்ன எப்பவும் யாரும் உள்ள போக முடியாது" என்றார். காற்றுக்காகக் காலையிலிருந்தே விசிறி ஓடவிட்டு, விளக்கும் போட்டு வைத்திருந்தார். ஆள் இறங்கும் சதுர வாய் ஒன்று, இரும்பு ஏணி ஒன்று.

பானையை வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்கினோம். பின்னால் நான், அதன் பின்னால் மேஸ்திரிகள், மின்வேலை செய்பவர்கள், வீடு வாங்கியிருக்கும் இரண்டு தம்பதிகள். கடைசியாக ஏணியில் ஒரு ஜோடிப் பளபளப்பான செருப்பு தெரிந்தது. அதற்கு மேல் ஜரிகை வேட்டி. அது ஒவ்வொரு படியாக, "ராமா, ராமா" என்று சொல்லிக்கொண்டே இறங்கியது.

சாரங்கன்.

மேலே சதுர வாயில் அக்காவின் முகம் எட்டிப் பார்த்தது. நான் முறைத்தேன். முகம் மறைந்துவிட்டது.

அவன் மேஸ்திரிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று, எனக்குத் தெரிந்த மிக வேகமான கணக்கு ஒன்றை எடுத்து விளாசினேன்.

கூழ். ஓர் அடியின் சத்தம் போவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் விழுந்து, நாலு சுவரிலும் மோதிக் குழைந்துவிட்டது. நிறுத்திய பிறகும் தொட்டி தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. சாரங்கன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டான். சிரிப்பை அடக்கும்போது அவன் அப்படித்தான் செய்வான்.

நான் காத்திருந்தேன். சத்தம் முழுக்க அடங்கியதும் ஒரே ஓர் அடி, விரல் நுனியால். அது எழுந்து, சுவர்களைச் சுற்றிவிட்டு, மெதுவாக என்னிடமே திரும்பி வந்தது. வந்த பிறகு அடுத்தது. அப்படியே போனேன். வாழ்நாளில் இவ்வளவு குறைவாக வாசித்ததில்லை. ஒரு கட்டத்தில் யார் வாசிப்பது, நானா தொட்டியா என்ற கேள்வியே போய்விட்டது. மேஸ்திரி ஒருவர் தான் பூசிய சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் யாரும் உடனே எழவில்லை. பிறகு ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள். ஓர் ஏணி என்பதால் நேரமாயிற்று. கடைசியில் கீழே மிஞ்சியது நானும் சாரங்கனும் பானையும்.

"பிரமாதம்டா" என்றான்.

"ம்."

"மேடை நெரிசல்னு சொன்னேனே. அது பொய்."

"தெரியும். உன் மேடையில ஒரு ஆட்டோவ நிறுத்தலாம்."

அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கணக்கு நழுவறது வேங்கடா. முன்னெல்லாம் எப்பவாவது. இப்போ அடிக்கடி. மத்தவாளுக்குத் தெரியல, நோக்குத் தெரியறது. நான் நழுவினா நீ ஒரு சொல்ல இழுத்து உள்ள விட்டுடறே. மூஞ்சியக்கூடச் சுளிக்கமாட்டே. கச்சேரி முடிஞ்சு ஒரு வார்த்தை கேக்கமாட்டே."

"உதவியா இருக்கட்டும்னுதான்..."

"அதான்டா தாங்கல! கல்யாண வீட்டுல வேஷ்டி அவுந்தவன யாரோ பின்னாடியே நின்னு மறைச்சுண்டு வராப்ல. ஒவ்வொரு கச்சேரியும். நீ திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். நீ கருணையா இருந்தே. உன் மூஞ்சியப் பாக்கவே பயமாப் போயிடுத்து. அதான் வேண்டாம்னுட்டேன்."

"இப்போ?" என்றேன்.

"இப்போ என்ன. மறைக்க ஆள் இல்ல. தஞ்சாவூர்ல அவுந்துடுத்து."

அப்போதுதான் மேலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய்! நீங்க பேசுறதெல்லாம் இங்க அத்தன பேருக்கும் கேக்குதுடா! வேட்டி அவுந்தது வரைக்கும் கேட்டுருச்சு!"

தொட்டி அந்தக் கடைசி வார்த்தைகளை எடுத்து எங்களைச் சுற்றி உருட்டியது. கேட்டுருச்சு, ருச்சு, ருச்சு. சாரங்கனின் முகம் வெளுத்தது. என் முகத்தைப் பார்த்தான். நான் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு முதலில் வெடித்தது. பிறகு எனக்கு. நாலு சுவர்களும் சேர்ந்து சிரித்ததில் இரண்டு பேர் நாற்பது பேரானோம்.

ஏணிக்குப் போகும்போது சொன்னேன். "வியாழக்கிழமை மணப்பாறையில ஒரு தையல் கூடம். வா. நான் நடுவுல உக்காருவேன், நீ ஓரத்துல."

"நான் ஓரத்துலயா?"

"இன்னொண்ணு. நழுவினா நான் எதையும் இழுக்கமாட்டேன்."

ஏணியின் பாதியில் நின்று யோசித்தான். "ராமா" என்றான். அது சம்மதமா, படியா என்று அப்போது தெரியவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பயிற்சி செய்தேன். கை இழுக்கப் பார்க்கிறது. இத்தனை வருடப் பழக்கம். இழுக்காமல் இருக்கப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன். மணப்பாறை

சம்மதம்தான். வந்தான்.

தையல் கூடத்தில் சுமார் இருபது பெண்கள். பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். நீலக் கால்சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. அந்த மலைக்கு முன்னால் நான். ஓரத்தில், பொத்தான் டப்பாக்களுக்கும் சுவருக்கும் நடுவில் சாரங்கன். அவன் முழங்கால் மட்டும் வெளியே தெரிந்தது.

சாயங்கால டீக்கு முந்தைய இடைவேளை. முதலில் நான் தனியாக வாசித்தேன். தையல் மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் பழக்கத்தில் சிலருடைய கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு சாரங்கனைப் பார்த்துத் தலையசைத்தேன். கல்யாணியில் ஸ்வரம் எடுத்தான். மைக் இல்லாமல் அவன் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. கொஞ்சம் கரகரப்பு ஏறியிருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. அதை அவனிடம் சொல்லப் போவதில்லை.

நீளமான கணக்கு ஒன்றை ஆரம்பித்தான். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அரை இடம். என் வலது கட்டைவிரல் இழுக்கத் துடித்தது. அதை மடக்கிப் பானையோடு அழுத்தி வைத்துக்கொண்டேன். தாளம் அதன் இடத்தில் வந்து விழுந்தது. அவன் அதைத் தாண்டி எங்கோ நின்றான்.

என்னைப் பார்த்தான். நான் பானையைப் பார்த்தேன்.

நிறுத்தினான். "மன்னிக்கணும்" என்றான். "தப்பிட்டேன்."

முன்னால் இருந்த சகாயராணி என்ற அம்மா வாயில் கடித்திருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "அதுக்கென்னண்ணே? டீ வர நேரமிருக்கு. திருப்பிப் பாடுங்க" என்றார்.

"எங்க தப்புச்சுன்னு எங்களுக்குத் தெரியவே இல்ல. நீங்களா சொல்லி மாட்டிக்கிட்டீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சாரங்கனும் சிரித்தான். மறுபடி எடுத்தான். வந்து விழுந்தான், இடம் பிசகாமல். நான் என்னையறியாமல் "ஆஹா" என்றேன்.

திரும்பும் வழியில் காரில், வாங்கிய முறுக்குப் பொட்டலம் முழுவதையும் அவனே தின்றான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சாரங்கன் அழைத்தான்.

"பதினாலாம் தேதி கும்பகோணத்துல கச்சேரி. நீ வரணும்."

"வரேன். மணப்பாறை மாதிரிதான். தப்பினா நிறுத்திச் சொல்லணும்."

"சபாவுலயாடா? செக்ரட்டரி மூர்ச்சையாயிடுவார்."

"தண்ணி தெளிப்போம்."

"அது வேற ஜனங்கடா. நோட்டுப் புஸ்தகம் வெச்சுண்டு எழுதறவா எல்லாம் வருவா. இத்தனை வருஷப் பேரு என்னாறது?" சிரிப்பு இல்லை. உண்மையான பயம். தொட்டியில் கேட்ட அதே குரல்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

அக்கா தோசையைத் திருப்புவதற்குள் மறுபடி மணி அடித்தது. "சரி" என்றான். வைத்துவிட்டான்.

செப்டம்பர் 6, சனி. முசிறி

செருப்புக் கடை. தோல் வாசனை. கேட்டவர்கள் அனைவரும் வெறுங்காலோடு, இல்லாவிட்டால் ஒற்றைக் காலில் புதுச் செருப்போடு. கச்சேரி நல்லபடி. கடைக்காரருக்கு இன்று வியாபாரம் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள். காலை

நேற்றுக் கும்பகோணம். பெரிய அரங்கு, நிறைந்த கூட்டம். மிருதங்கத்துக்குப் பின்னால் பழைய இடம். அக்கா முன்வரிசையில், பட்டுப்புடவையில், ஓட்டுநர் தேர்வு எடுக்க வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

முக்கால்வாசிக் கச்சேரி கண்ணாடிபோலப் போனது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு பிரதான உருப்படியில் ஸ்வரம். சாரங்கன் ஒரு சின்னக் கணக்கோடு முடித்திருக்கலாம். கைதட்டல் கேட்டு உற்சாகம் வந்துவிட்டது. நீளமானதை எடுத்தான்.

நழுவியது.

மிருதங்கக்காரர் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தாளத்தை விட்டு அசையவில்லை. என் நெஞ்சு அடித்தது பானையில் கேட்டிருக்கும். சாரங்கன் கையை உயர்த்தினான். எல்லாம் நின்றது. மைக்கில் அவன் மூச்சு விடுவது கேட்டது.

"தப்பு என்னோடது" என்றான். "மறுபடி எடுக்கறேன்."

அரங்கில் ஒரு சலசலப்பு. செக்ரட்டரி பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். சாரங்கன் எடுத்தான்.

மறுபடி நழுவியது.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் கட்டைவிரல் தானாக எழுந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டேன். உண்மையில் பிடித்துக்கொண்டேன். சாரங்கன் ஒரு கணம் கண்ணை மூடினான். இதோடு போயிற்று, இனி இவன் பாடமாட்டான் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். "நேக்கே கோவமா வரது" என்றான் மைக்கில். "நீங்கள்லாம் சித்த சத்தமாத் தாளம் போடுங்கோளேன்."

முன்வரிசை மாமிகள்தான் முதலில் ஆரம்பித்தார்கள். பிறகு பின்னால். பிறகு நோட்டுப் புத்தகக்காரர்கள் நோட்டை மடியில் வைத்துவிட்டுத் தொடையில் தட்டினார்கள். செக்ரட்டரி நின்றபடியே போட்டார். ஆயிரம் கைகள் ஒன்றாக விழும் சத்தத்தின்மேல் அவன் மூன்றாவது தடவை ஏறினான். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல். கடைசித் திருப்பத்தில் அரங்கமே முன்னால் சாய்ந்தது. விழுந்தான், பாட்டின் முதல் எழுத்தில், நெற்றிப்பொட்டில் அடித்ததுபோல. அந்தக் கூச்சலில் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. அழுதேனா என்று அக்கா கேட்டாள். வியர்வை என்றேன்.

எல்லாம் முடிந்து இறங்கும்போது, "குடுடா, நான் தூக்கிண்டு வரேன்" என்று சாரங்கன் என் பானையை வாங்கிக்கொண்டான். மேடையின் பக்கவாட்டில் ஏழெட்டுப் படிகள். இரண்டாவது படியில் ஜரிகை வேட்டியின் நுனி காலில் சிக்கியது.

எதைப் பிடிப்பது என்று யோசிக்க நேரமில்லை. அவனைப் பிடித்தேன். இரண்டு கையாலும், இடுப்போடு சேர்த்து.

பானை தனியாக இறங்கியது. கீழே அக்கா கை நீட்டினாள். எட்டவில்லை.

சாரங்கன் படியிலேயே உட்கார்ந்து துண்டுகளைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. "என்னடா பண்ணிட்டேன். உன் பானைய..." என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "சுருதி சேந்துதான்டா உடைஞ்சுது" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தான். "ஆமாம்" என்றான். "நானும் கவனிச்சேன்."

இன்று மானாமதுரைக்குப் போகிறோம், அங்கே கடம் செய்கிறவர்களிடம் வேறு பானை வாங்க. அக்கா கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள். சாரங்கன் விடிந்ததுமே வந்து வாசலில் நிற்கிறான். தட்டிப் பார்த்து நல்ல பானையைத் தேர்ந்தெடுக்கத் தனக்குத்தான் தெரியும் என்கிறான்.

தெரியாது. வரட்டும்.